ஏணையில் பத்தொன்பது செக்கன்

தம்பி,

நீ என்னோடு கதைத்து இன்றைக்குப் பதினெட்டு நாள். இதை எண்ணுவது நானில்லை, உன் அம்மா. உன் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போயிருந்தாலும் அவளுடைய கணக்கு இங்கேதான் ஓடுகிறது. காலையில் போன் எடுத்தால் முதல் கேள்வி, "அவன் கதைச்சவனோ?" "இல்லை" என்பேன். "நல்லா வேணும்" என்பாள். அவ்வளவுதான், போன் கட். கொழும்புக் கலியாண மண்டபங்களில் முப்பது வருடமாக மைக் பிடிக்கிறவன் நான். தாலி கட்டுகிற நேரத்தில் கரண்ட் போனாலும் வெறும் தொண்டையால் சபையைச் சிரிக்க வைத்துக் கொண்டிருப்பேன் என்று பெயர் எடுத்தவன். அப்படிப்பட்டவனுக்கு, பெற்ற மகன் பேசாமல் இருக்கிற இந்தப் பதினெட்டு நாளை நிரப்ப ஒரு வசனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு வெள்ளவத்தையில் உன் ஃபிளாட் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் என் பிழை உறைக்குள் நடந்ததில்லை. நாற்பத்தாறு பேர் இருக்கிற ஒரு வட்ஸ்அப் குரூப்பில், ஹார்ட் மேல் ஹார்ட் விழ நடந்தது. அந்தக் குரூப்பைப் பற்றி இன்று காலைவரை உனக்குத் தெரியாது. உன்னையும் உன் வயதுக்காரரையும் சேர்க்காமல், உங்களைப் பற்றிக் கதைப்பதற்கென்றே பெரியவர்கள் நாங்கள் வைத்திருக்கிற குரூப். பெயர் 'நலம் விரும்பிகள்'. யாருடைய மருமகள் சமைப்பதில்லை, யாருடைய மகன் தலைமயிரை ஏன் அப்படி வெட்டினான் என்பதெல்லாம் அங்கே தீர விசாரிக்கப்படும். இன்று காலை உன்னையும் மருமகள் தர்ஷினியையும் அதில் சேர்த்துவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய செய்திகள் தெரியாது என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் சேர்த்தேன். மானம் முழுதாகப் போகத் தேவையில்லைத்தானே.

முதலில் விஷயத்தை நேரே சொல்கிறேன். குரூப்பில் இருக்கிற நாற்பத்தாறு பேருக்கும் இது புதுச் செய்தி. என் பொறுப்பில் இருந்த நேரத்தில், ஏழு கிழமைக் குழந்தையான என் பேத்திக்கு மூச்சு அடைத்தது. நான் செய்த வேலையால் அடைத்தது. அதை இரண்டு நாள் மறைத்தேன். நீங்கள் எல்லாரும் "சூப்பர் தாத்தா" என்று கைதட்டிய அந்த வீடியோ எடுத்து மூன்று நிமிடத்தில் நடந்தது இது.

மிதுஷா பிறந்து நாலாம் கிழமை கக்கத் தொடங்கினாள். குடித்த பால் தோளில், உன் ஒஃபிஸ் சேர்ட்டில், என் வேட்டியில். கக்கினால் பரவாயில்லை, குடித்துக் கொஞ்ச நேரத்தில் முதுகை வில்லாய் வளைத்துக் கொண்டு வீரிடுவாள். நீங்கள் இரண்டு பேரும் முகம் வெளிறி, டொக்டரிடம் ஓடி, பதில் வாங்கி வந்தீர்கள். இரைப்பைக்கு மேலே இருக்கிற வால்வு இந்த வயதில் இன்னும் இறுகாமல் இருக்கும், அதால் பால் புளிப்போடு மேலே வந்து நெஞ்சை எரிக்கிறது, நிறை ஏறுகிறதால் பயப்படத் தேவையில்லை, இருக்கப் பழகி, ஒரு வயது ஆக ஆகத் தானாக நிற்கும் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னாய். கொட்டாஞ்சேனைக்காரர் நாங்கள் இதை ஏற்றுக்கொள்வோமா? நலம் விரும்பிகள் அன்றே கூடினோம். ஒருவர் ஓமத் தண்ணி கொடுக்கச் சொன்னார். ஒருத்தி பாலுக்குள் அரிசிமா கரைக்கச் சொன்னாள். இன்னொருவர் பிள்ளையைக் குப்புறப் படுக்கப் போடு, காற்றுப் போய்விடும் என்றார். அவருடைய பிள்ளைகளை வளர்த்தது அவருடைய மச்சாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்; அதையும் அவர் இல்லாத நேரத்தில் கதைத்துக் கொண்டோம்.

நீங்கள் இரண்டு பேரும் ஒன்றையும் கேட்கவில்லை. தர்ஷினி ஒரு தாளில் ஏழு வரி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பால், நடுவில் நிறுத்தி, முதுகில் தட்டி ஏவறை எடுக்க வேண்டும். குடித்து முடிந்தால் அரை மணித்தியாலம் நிமிர்த்தித் தோளில். படுக்கப் போட்டால் மல்லாக்க, பள்ளம் மேடில்லாத மட்டமான மெத்தையில், தலையணை கூடாது. ஓமத் தண்ணி, அரிசிமா, கைமருந்து ஒன்றும் கூடாது. கடைசி வரி சிவப்புப் பேனையில்: பச்சையாய் அல்லது இரத்தம் கலந்து கக்கினால், பீறிட்டுக் கக்கினால், குடிக்க மறுத்தால், நாப்கின் நனையாவிட்டால், நிறம் மாறினால், மூச்சு அடைத்தால், உடனே டொக்டர். நான் அந்தத் தாளுக்கு 'அரசியலமைப்பு' என்று பெயர் வைத்தேன். வந்து போகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "இந்த நாட்டில திருத்த ஏலாத அரசியலமைப்பு இது ஒண்டுதான்" என்று சிரிக்க வைத்தேன். தர்ஷினியும் சிரித்தாள். அவள் மரியாதைக்காகத்தான் சிரித்து வைத்தாள் என்பது இப்போது விளங்குகிறது.

எனக்கு ஏன் அவ்வளவு துணிவு தெரியுமா? உன்னால்தான். நீயும் இரண்டு மாதத்தில் அப்படித்தான் கக்கினாய். கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகத்துக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், கூரை வளையில் கயிறு போட்டு, அம்மாவின் கூறைச்சேலையை மடித்துக் கட்டிய ஏணையில் உன்னைப் போட்டு ஆட்டுவேன். நீ நித்திரையாகிவிடுவாய். நீ வளர்ந்து, படித்து, டை கட்டிக்கொண்டு கொழும்புக் கோட்டையில் வேலைக்குப் போகிறாய். ஆகவே ஏணை சரி. என்னுடைய பிள்ளை வளர்ப்புச் சாஸ்திரம் முழுக்க இவ்வளவுதான், தம்பி. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதே சாட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை தர்ஷினிக்குப் பிள்ளைப்பேற்று ஒப்பரேஷன் காயம் காட்டுகிற கிளினிக். நீ வேலையில். இரண்டு மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்க நான் வந்தேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவள் மூன்றாம் தரமும் சொன்னாள்.

"மாமா, பால் ஃபிரிட்ஜில கிடக்கு. குடிச்சு முடிய அரை மணித்தியாலம். மணிக்கூட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ."

"நான் ரெண்டு பிள்ளை வளத்தவன் பிள்ளை."

"ஓம் மாமா. அரை மணித்தியாலம்."

அவள் லிஃப்டில் இறங்கிய சத்தம் கேட்டதும் என் பையைத் திறந்தேன். இதைத்தான் நான் டொக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அவசரத்தில் தோன்றிய யோசனை இல்லை அது. அலுமாரியிலிருந்து அம்மாவின் கூறையையும், அச்சகத்தில் பார்சல் கட்டுகிற கயிற்றையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினேன். உன் ஹோல் சீலிங்கில், முன்பு இருந்தவர்கள் ஊஞ்சல் தொங்கவிட்ட கொளுக்கி ஒன்று இருப்பதைப் போன மாதமே பார்த்து வைத்திருந்தேன். களவெடுக்கப் போகிறவன் பூட்டைப் பார்த்து வைப்பது மாதிரி.

பால் கொடுத்தேன். ஒழுங்காகக் குடித்தாள். நடுவில் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அழுவாளே என்று நிறுத்தவில்லை. தோளில் போட்டேன். ஐந்து நிமிடம் நல்ல பிள்ளை. பிறகு முதுகை வளைத்தாள், வீரிட்டாள். ஹோலுக்கும் பல்கனிக்கும் நடந்தேன். கீழே கடற்கரை ஓரமாக ரெயில் போனது, அந்தச் சத்தத்துக்கு இன்னும் கூட அழுதாள். மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு நிமிடம். இன்னும் இருபத்திரண்டு. கலியாணத்தில் அமைச்சர் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் சபையைத் தாக்காட்டியவன், ஒரு குழந்தையை இருபத்திரண்டு நிமிடம் தோளில் வைத்திருக்க முடியாமல் தோற்றேன். ஏணையைக் கட்டினேன், போட்டேன், ஆட்டினேன். நாலாவது ஆட்டில் அழுகை நின்றது.

அந்த வெற்றியை யாருக்குச் சொல்வது? போனை எடுத்து, மைக் குரலில், "அன்பார்ந்த உறவுகளே! வெள்ளவத்தை அரசியலமைப்பு அரை மணித்தியாலம் எண்டுது. தாத்தாவின் ஏணைக்கு ரெண்டு நிமிஷம்!" என்று இருபது செக்கன் வீடியோ எடுத்து நலம் விரும்பிகளுக்கு அனுப்பினேன். உடனே ஹார்ட். கைதட்டு. "அந்தக் காலத்து ஆக்களிட்ட கேக்கோணும்" என்று ஒரு மச்சான். எனக்குத் தலை சுற்றிவிட்டது, தம்பி. புகழுக்கு நான் எவ்வளவு மலிவாக விழுவேன் என்று உனக்குத் தெரியும். இரண்டாவது வீடியோ ஒன்று, அம்மாவுக்கென்று, எடுக்கத் தொடங்கினேன். கூறைச்சேலையின் கரையைக் காட்டி, எங்கள் கலியாணத்தில் அதைக் கட்டிக்கொண்டு அவள் தடுக்கி விழப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டு நின்றேன். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பார்க்கவில்லை.

ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சோடாப் போத்தல் மூடியை மெல்லத் திறந்த மாதிரி. கேட்டது, தம்பி. கேட்டும் கதையை முடிக்கத்தான் நின்றேன். பிறகு சேலை அசையவில்லை. குழந்தை உள்ளே இருந்தால் சேலை ஒரு மாதிரி உயிரோடு இருக்கும், கால் உதைக்கிற இடம் புடைக்கும், தாழும். அது நின்றுவிட்டது. விலக்கிப் பார்த்தேன். சேலை மடிந்து கிடந்ததில் அவளும் இரண்டாக மடிந்து, தலை தொங்கி, நாடி நெஞ்சோடு ஒட்டக் கிடந்தாள். மூக்கில் பால். வாயைச் சுற்றி, மழைக்கு முன்னால் உன் பல்கனியிலிருந்து கடல் தெரியுமே, அந்த நிறம்.

தூக்கினேன். அவளுடைய கால் சேலை மடிப்புக்குள் சிக்கி வரவில்லை. ஒரு கையால் சேலையை இழுக்கிறேன், கொளுக்கி கிறீச்சிடுகிறது, போன் நிலத்தில் விழுந்து, படம் பிடித்தபடியே கிடக்கிறது. அவளை என் முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி முதுகில் தட்டினேன். எங்கே படித்தேன் என்று கேட்காதே, ஒரு கலியாணத்தில் பக்கத்துக் கதிரையிலிருந்த நேர்ஸ் ஒருத்தி சொல்லக் கேட்டது. தட்டுகிறேன். ஒன்றுமில்லை. "குஞ்சு, குஞ்சு, தாத்தா செத்துப் போவன்" என்று என் குரல் வீடியோவில் கேட்கும். அதற்கு நடுவே டிங், டிங் என்று ஹார்ட் விழுகிற சத்தமும் கேட்கும். பிறகு ஒரு இருமல். என் கையில் சூடாகப் பால். அதன் பிறகு அழுகை. எட்டு நிமிடம் தாங்க முடியாமல் ஏணை கட்ட வைத்த அதே அழுகை. இன்னும் அழு, இன்னும் அழு என்று நான் அவளைக் கும்பிட்டேன்.

இவ்வளவும் பிழை. ஆனால் நீ பேசாமல் இருப்பது இதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த முக்கால் மணித்தியாலத்துக்காகத்தான். ஏணையை அவிழ்த்தேன். கூறையைப் பையில் திணித்தேன். அவள் முகத்தைத் துடைத்து, சட்டை மாற்றி, நிமிர்த்தித் தோளில் வைத்துக்கொண்டு, தாளுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தேன். தர்ஷினி வந்து, "எப்பிடி மாமா?" என்று கேட்டாள். "அரை மணித்தியாலம். ஒரு நிமிஷமும் குறையேல்லை" என்றேன். சிவப்புப் பேனையில் எழுதிய வரி என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

வியாழக்கிழமை நிறை பார்க்கிற நாள். நீ லீவு எடுக்க முடியாததால் பை தூக்கிக்கொண்டு நான் போனேன். செவ்வாய் தொடக்கம் நான் நித்திரை கொள்ளவில்லை, ஒவ்வொரு மணித்தியாலமும் தர்ஷினிக்குப் போன் எடுத்து, "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்டேன். அவள் அதைப் பாசம் என்று நினைத்திருக்கிறாள். டொக்டரம்மா முக்காடு போட்ட, மெல்லிய குரலில் கதைக்கிற மனுஷி. நிறை பார்த்தா, வயிற்றைத் தடவிப் பார்த்தா. பிறகு எழுதிக்கொண்டே கேட்டா, "இடையில மூச்சடைச்சதா? நிறம் மாறினதா?"

"இல்லை டொக்டர்" என்றாள் தர்ஷினி.

நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன். மூன்று மொழியிலும் வாசித்தேன். எனக்குச் சிங்களம் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அன்று அதையும் வாசித்தேன். டொக்டர் எழுதி முடித்து, "அப்ப பயமில்ல. மருந்தும் தேவையில்ல. இப்ப செய்றதையே செய்ங்க. ரெண்டு கிழமையால வாங்க" என்றா.

கீழே இறங்கி ஓட்டோ கூப்பிட்டேன். ஓட்டோக்காரப் பெடியன் பிள்ளையைப் பார்த்து, "பபாட்ட லெடத?" என்று கேட்டான். குழந்தைக்குச் சுகமில்லையா என்று, சிங்களத்தில். "நே மல்லி, நே", இல்லைத் தம்பி, என்று சொல்லிச் சிரித்தாள் தர்ஷினி. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா இருந்தபடியாத்தான் செவ்வாய்க்கிழமை நிம்மதியாப் போயிட்டு வந்தனான்" என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் நான் இன்றுவரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். "குடையை மேல விட்டிட்டன் பிள்ளை" என்றேன். குடை என் கக்கத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள் என்றும் நினைக்கிறேன்.

மேலே போய் டொக்டருக்கு முன்னால் போனை வைத்தேன். அவ இரண்டு தரம் பார்த்தா. என்னை ஏசுவா என்று காத்திருந்தேன். "இத வேற ஆருக்குக் காட்டினீங்க?" என்று மட்டும் கேட்டா. "உங்களுக்குத்தான் முதல்." "தாயை மேல கூப்பிடுங்க. இப்பவே." தர்ஷினி படியேறி வந்து, பிள்ளையைத் தோளில் வைத்தபடியே நின்று, அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. டொக்டரிடம் சொன்னாள், "நான் இல்லையெண்டு சொன்னன். நீங்கள் அதை எழுதியிட்டீங்கள்."

அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, தம்பி? பிள்ளையின் கிளினிக் கொப்பியில் ஒரு தாய் சொன்ன பொய்யாக என் பொய் ஏறியிருந்தது. டொக்டர் அந்த வரியை வெட்டிப் புதிதாக எழுதி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். பெருவிரலில் ஒரு கிளிப், பக்கத்தில் ஒரு பச்சை இலக்கம் ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. நீ கோட்டையிலிருந்து டையோடு ஓடி வந்தாய். என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாய், "எத்தினை செக்கன்?" நான் "ஒரு பத்து" என்றேன். நீ தர்ஷினியின் கையிலிருந்த என் போனை வாங்கிப் பார்த்தாய். சேலை அசையாமல் நின்றதிலிருந்து இருமல்வரை பத்தொன்பது. அந்த நேரத்திலும் ஒன்பது செக்கனைக் குறைத்துச் சொல்லப் பார்த்தவன் உன் அப்பன். நீ போனை என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். அதுதான் கடைசி.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டுக்கு விட்டார்கள். வேறு நோய் வருத்தம் ஒன்றுமில்லை, பால் நிறைந்த வயிற்றோடு மடித்துப் போட்டதால் வந்த வினை, தாளில் இருக்கிறதை அப்படியே செய்யுங்கள் என்றார்கள். அன்று உன் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அவனையும் ஏணையில போட்டுத்தானே வளத்தனான்" என்று முனகினேன். கனடாவிலிருந்து பதில் வந்தது: "ஏணையில போட்டது நீங்கள். அவன் பால் குடிச்சு முடிய ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலம் தோளில வைச்சுக்கொண்டு நடந்தது நான். ஏவறை விட்டு, வயிறு இறங்கின பிறகுதான் உங்கட கையில தந்தனான். நீங்கள் நாலு ஆட்டு ஆட்டிப் போட்டு, அச்சகத்துப் பெடியளைக் கூப்பிட்டுப் 'பாருங்கோடா' எண்டு காட்டினனீங்கள்." முப்பது வருடமாக நான் சொல்லித் திரிந்த கதையில் அவள் இருந்த பகுதி எனக்குத் தெரியாது. தெரியாது என்றா சொன்னேன்? அறைக்குள் அவள் நடக்கிற சத்தம் அச்சகத்துக்குள் கேட்கும். கேட்டிருக்கிறேன்.

வெட்கத்தில் இதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முந்தநாள் காலை, ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற என் மச்சானின் மகள் சுகந்தி போன் எடுத்தாள். அவளுக்கும் ஐந்து கிழமைக் குழந்தை, அதுவும் கக்குகிற குழந்தை. "மாமா, உங்கட வீடியோவை அப்பா அனுப்பினவர். நாங்களும் ஏணை கட்டியிட்டம். பால் குடிச்ச கையோட போட்டனாங்கள், சத்தமில்லாமல் படுத்திருக்கிறான்." சத்தமில்லாமல் என்றாள். "தூக்கு பிள்ளை, தூக்கு, போனை வைக்காமல் தூக்கு" என்று கத்திக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் மற்றக் காலில் ஒன்றுமில்லாமலும் ஓடினேன். சந்தியில் ஆட்கள் பார்த்தார்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு அந்தக் கதை போதும் அவர்களுக்கு. போனபோது அவன் அவள் தோளில் இருந்தான். நன்றாக இருந்தான். நான் கதிரையில் ஏறி ஏணையை அவிழ்த்தேன். முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். சுகந்தி கீழே நின்று, "மாமா, இது நீங்கள் காட்டினதுதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குரூப்பிலிருந்து என் வீடியோ எத்தனை வீட்டுக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. குரூப்பில் அதை அழித்துவிட்டேன். போன இடங்களில் அழிக்க என்னால் ஏலாது.

அதனால், நலம் விரும்பிகளே, ஹார்ட் போட்ட நாற்பத்தாறு பேரே, அந்த வீடியோவை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவ்வளவு பேருக்கும் இந்தக் கடிதத்தையும் அனுப்புங்கள். பால் குடித்த பிள்ளையை ஏணையில் போடாதேயுங்கள். நித்திரைக்கு மட்டமான இடத்தில் மல்லாக்கப் போடுங்கள், கக்குகிற பிள்ளை என்றாலும் மல்லாக்கத்தான். அரை மணித்தியாலம் என்றால் அரை மணித்தியாலம். மூச்சடைத்தால், பிறகு சிரித்தாலும், டொக்டரிடம் கொண்டுபோங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முழு வீடியோவையும் போட்டு உங்களை நடுங்க வைத்திருப்பேன். ஆனால் அதில் இருப்பது என் முகமில்லை, மிதுஷாவின் முகம். அதைக் காட்டுகிற உரிமை அவளுடைய தாய் தகப்பனுக்கு. முதலாவது வீடியோவுக்கும் நான் உங்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை, தம்பி. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

உனக்கு மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். கலியாண அட்டையில் அச்சடித்த எழுத்து மாதிரி அழகாக இருந்தது, வெட்டிவிட்டேன். உனக்குச் சொல்ல ஒரு புத்திமதி இருக்கிறது, அதையாவது கேள். உன் மகள் வளர்ந்த பிறகு, "நான்தான் உன்னைத் தோளில் வைத்திருந்தேன்" என்று சொல்ல ஆசை வரும். அப்போது பக்கத்தில் தர்ஷினி இருந்தால், அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழும்பப் போனேன். போன் டிங் என்றது. தர்ஷினியிடமிருந்து ஒரு படம், ஒரு வார்த்தையும் இல்லாமல். உங்கள் ஃபிரிட்ஜ். தாளில் எட்டாவது வரி புதிதாக, அவளுடைய வட்டமான எழுத்தில்: "ஏணை இல்லை. ஆர் சொன்னாலும் இல்லை." அதற்குக் கீழே இன்னொரு வரி. அது அவளுடைய எழுத்தில்லை. இடப்பக்கம் சரிந்து, 'ர'வுக்குக் கால் நீட்டுகிற எழுத்து. பள்ளிக்கூடக் கொப்பிகளில் அதற்காக உனக்கு எத்தனை குட்டு வைத்திருப்பேன்.

"அப்பா: ஞாயிறு 10.00 - 10.30. போன் கொண்டுவரக் கூடாது."

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இல்லை, அனுப்புகிறேன். சுகந்தி மாதிரி இன்னும் யாராவது எங்கோ கயிறு தேடிக்கொண்டிருக்கலாம். கூறைச்சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், திறப்பு அம்மா வந்த பிறகு அவளிடம். போன் மேசையில் கிடக்கும். பழைய கைமணிக்கூட்டுக்குப் புதுப் பற்றரி போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு வாறன்.

அப்பா